குதிரைப் பணமும் மாத்திரைப் பணமும்



வெளியூரிலிருந்து நம் ஆவுடையார்கோவிலுக்கு வருகிறவர்கள் முதலில் கூரை விளிம்பான கொடுங்கையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கல்லா மரமா என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். கணக்குப் புத்தகத்தோடு காலம் தள்ளுகிற எனக்கு இந்தக் கோயிலைப் பார்க்கும்போதெல்லாம் வேறொன்று நினைவுக்கு வரும். புராணப்படி, இது கோயிலுக்கென்று ஒதுக்கிய பணத்தில் எழுந்த கோயில் இல்லை. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணம். பின்னாளில் மாணிக்கவாசகர் ஆன மந்திரி திருவாதவூரர் கடற்கரையை நோக்கி வந்தவர், வழியில் திருப்பெருந்துறையில், அதாவது இதே ஊரில், குருவைக் கண்டார். குதிரைப் பணம் கோயிலுக்கும் அடியாருக்கும் செலவாகிவிட்டது. பிறகு நரி பரியானதும், பரி மறுபடி நரியானதும், மந்திரி வெயிலில் நிறுத்தப்பட்டதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. இன்றைக்கு என்றால் உள்ளாட்சித் தணிக்கைக்காரர்கள் அந்த நரிகளுக்கும் வவுச்சர் கேட்டிருப்பார்கள்.

தலைநகரத்தில் இருப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பணம் அனுப்புவார்கள். பணம் வந்து சேரும் ஊருக்கு வேறொன்று தேவையாக இருக்கும். மாணிக்கவாசகர் காலத்து இந்த இழுபறி, சென்ற மாதம் ஒரு தபாலாக என் மேசைக்கு வந்தது.

பெயர் இல்லாத கடிதம். நம் தாலுகாவில் ஏதோ ஓர் ஊர். எந்த ஊர் என்று அவர் எழுதவில்லை, நாங்களும் தபால் முத்திரையை உற்றுப் பார்க்கவில்லை. எச்.ஐ.வி. தொற்றோடு பல வருஷமாக வாழ்கிற ஒரு பெண். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, வயல் வேலைக்குப் போகிறார். நோயைப் பற்றியோ பணக் கஷ்டத்தைப் பற்றியோ அவர் புலம்பவில்லை. அவருடைய பிரச்சினை நாள். மருந்து வாங்கும் தேதி நடவு நாளிலோ அறுப்பு நாளிலோ விழுந்தால் கூலி போகிறது. அறந்தாங்கி வரை டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கே மாறி ஏறும் புதுக்கோட்டை பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு. காலையில் கிளம்பினால் வீடு திரும்ப விளக்கு வைத்துவிடுகிறது. “எங்கடி போயிட்டு வர்றே?” என்று தெருவில் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பொய் தேட வேண்டியிருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி: எங்களுக்கான திட்டத்தை யாரோ எங்கேயோ உட்கார்ந்து போடுகிறார்களே, அந்த இடத்தில் எங்களில் ஒருவராவது இருக்கிறாரா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

கதை தொடங்கியது நம் மாநிலத்தில்தான். 1985 இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று ஆராயச் சொன்னார். இந்தியாவில் அது இருக்காது என்று பெரிய மனிதர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா கையுறைகூட இல்லாமல், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார். எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். வைக்க வேறு இடம் இல்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. 1986 மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். இந்தியாவின் எச்.ஐ.வி. வரலாற்றில் முதல் பக்கத்தை எழுதியவர்கள் ஒரு மாணவியும் அவருடைய ஆசிரியையும், கூடவே ரத்தம் கொடுத்த பெயர் தெரியாத பெண்களும். அந்தப் பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்காக எந்தத் திட்டமும் அன்று போடப்படவும் இல்லை.

பணம் வந்தது 1992-இல். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, அதாவது நேக்கோ, அந்த ஆண்டு தொடங்கியது. உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் தந்தது. பணம் இருந்தும் அது ஊர் வந்து சேர்வதுதான் பெரும்பாடாக இருந்தது. டெல்லியிலிருந்து மாநில கஜானா, கஜானாவிலிருந்து துறை, துறையிலிருந்து மாவட்டம் என்று ஒவ்வொரு மேசையிலும் கோப்பு தூங்கும். அதற்குத் தமிழ்நாடு 1994-இல் ஒரு வழி கண்டது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் என்று ஒரு பதிவு பெற்ற சங்கத்தை அமைத்து, பணம் நேரே அதன் கணக்குக்கு வரும்படி செய்தது. இந்தியாவிலேயே இப்படி ஒன்று அதுதான் முதல். பிறகு எல்லா மாநிலங்களும் இதே மாதிரியில் சங்கம் அமைக்க வேண்டும் என்று டெல்லியே சொன்னது. நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்; சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த வருஷமே அமெரிக்க உதவிப் பணம் வேறொரு வழியாக வந்தது. சென்னை வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், அதாவது வி.எச்.எஸ். மருத்துவமனை, ஏபேக் என்ற பெயரில் 1995 முதல் அதை மாவட்டத் தொண்டு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தது. இந்த வி.எச்.எஸ்.ஸைத் தொடங்கிய டாக்டர் கே.எஸ். சஞ்சீவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். குடும்பம் தன் வருமானத்துக்கேற்ப ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், அதற்கு ஈடாகக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கும் என்று ஒரு திட்டத்தை நடத்திக் காட்டியவர் அவர். மருத்துவத்துக்கு ஊர்க்காரன் தானும் ஒரு பங்கு போட்டால்தான் ‘இது என்னுடையது’ என்று தட்டிக் கேட்பான் என்பது அவர் கட்சி. எச்.ஐ.வி. பணம் அந்தக் கட்டடத்தின் வழியாகவே வந்தும், அவருடைய அந்த யோசனை மட்டும் கூடவே வரவில்லை என்பது என் வருத்தம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ‘புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் விளம்பரம் கேட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? பஸ்ஸில் போகிறவர்கள் சிரித்தார்கள், பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், ஊர் முழுக்க அதையே பேசியது. அப்போது நிலைமை சிரிக்கும்படி இல்லை. பிரசவத்துக்கு வரும் தாய்மார்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் மேல் தொற்று இருந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2003-இல் கேட்ஸ் அறக்கட்டளை ‘அவாஹன்’ என்ற பெயரில் அதே ஆறு மாநிலங்களுக்குப் பெரும் பணத்தோடு வந்தது. நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்களுக்கும், நகரங்களில் பாலியல் தொழிலாளர்களுக்கும், திருநங்கைகளுக்கும் மருத்துவமனைகளும், அவர்களிலிருந்தே வந்து வழிகாட்டும் சக தோழர்களும் கிடைத்தார்கள். வேலை நடந்தது. 2006-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, தென்மாநிலங்களில் இளம்பெண்களிடையே தொற்று நான்கே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்றது. பிறகு அவாஹன் தன் வேலையைப் படிப்படியாக அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியது. இதைக் குறை சொல்லவில்லை. வெளியார் பணம் என்றைக்காவது கிளம்பத்தான் செய்யும். 2025 ஜனவரி 20-ஆம் தேதி வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்தில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நின்றபோது, ஆப்பிரிக்காவில் பல மருத்துவமனைகள் கதவை மூடின. நமக்கு அந்த அடி விழாததற்குக் காரணம், இந்தியா இந்தச் செலவைப் பெரும்பாலும் தன் பணத்திலேயே செய்யப் பழகிவிட்டதுதான். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை 15,471.94 கோடி ரூபாய்.

சொந்தப் பணத்திலும் சிக்கல் உண்டு. 2014-இல் தனித் துறையாக இருந்த எய்ட்ஸ் கட்டுப்பாட்டைச் சுகாதாரத் துறையோடு சேர்த்தார்கள். பணம் மறுபடி மாநில கஜானா வழியாகப் போகத் தொடங்கியது. அதற்கு இருபது வருஷம் முன் தமிழ்நாடு எந்த மேசைகளைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டதோ, அதே மேசைகள். நாடு முழுக்கத் தொண்டு நிறுவன ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். களப்பணியாளர் வராத தெருவில் ஆணுறை வராது, பரிசோதனை நடக்காது. சம்பளப் பட்டியல் தாமதமாவதும் ஒரு நோய்க்காரணிதான் என்று மருத்துவப் பாடப்புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை.

இப்போது கடிதம் எழுதியவரின் கேள்விக்கு வருகிறேன். திட்டம் போடும் இடத்தில் அவர்களில் யாராவது இருக்கிறார்களா?

இருக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். 1983-இல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய நோயாளிகள் முதலில் அதைக் கேட்டார்கள். 1994 டிசம்பர் 1 அன்று பாரிஸில் 42 நாடுகள் அதை ஏற்றுக் கையெழுத்திட்டன. இந்தியாவும் அதில் உண்டு. ஆனால் கையெழுத்தை நடைமுறையாக்கிய விதத்தில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அமெரிக்காவில் ரயன் ஒயிட் என்ற சிறுவனின் பெயரில் 1990-இல் ஒரு சட்டம் வந்தது. ரத்தம் உறையாத நோய்க்குச் சிகிச்சை எடுத்தபோது தொற்றுக்கு ஆளாகி, பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கப்பட்ட பையன் அவன். சட்டம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டான். தொற்று அதிகமுள்ள நகரங்களுக்கு அந்தச் சட்டத்தின்படி வரும் பணத்தை எதெதற்குச் செலவிடுவது என்று ஓர் உள்ளூர்த் திட்டக்குழு முடிவு செய்யும். அந்தக் குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் பணம் வாங்கும் நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கக் கூடாது. பிரேசில் இன்னும் ஒரு படி போய், எல்லா நோய்க்குமான சுகாதாரக் குழுக்களிலேயே பாதி இடத்தைப் பயன்பெறும் மக்களுக்கு என்று 1990-இல் சட்டமாக்கியது.

நம் பக்கத்தில் சட்டம் அந்த இடத்தைத் தரவில்லை. தொற்றோடு வாழ்பவர்கள் தாங்களே பிடித்த இடம்தான். அதிலும் முதல் வரிசையில் தமிழ்நாடு. 1997-இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு தொடங்கியது. அதில் பெண்களின் குரல் அமுங்கிப் போகிறது என்று 1998-இல் பெண்களுக்கென்று தனி அமைப்பு கண்டார் நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா. லாரித் தொழில் ஊரில், லாரி ஓட்டும் உறவுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, கல்யாணமான சில வாரங்களிலேயே தனக்குத் தொற்று என்று தெரிந்துகொண்டவர். முகத்தை மறைக்காமல் தொலைக்காட்சியில் பேசினார். இலவச மருந்து வேண்டும் என்று கேட்ட குரல்களில் இவர்களுடையது முக்கியமானது. சிப்லா நிறுவனம் 2001-இல் வருஷத்துக்கு 350 டாலருக்கு மூன்று மருந்துச் சேர்க்கையைத் தருகிறேன் என்று அறிவித்த பிறகும், அதை வாங்கி ஏழைக்குக் கொடுக்க அரசுக்கு மூன்று வருஷம் ஆனது. 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) முதலில் கிடைத்த எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

மருந்து சாப்பிடுகிறவர்கள் ஏன் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்பதற்கு 2022 போதும். அந்த ஜூலையில் டெல்லியில் நேக்கோ அலுவலக வாசலில் நோயாளிகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குத் தர வேண்டிய மாத்திரையைப் பத்து நாளைக்கும் ஒரு வாரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பது புகார். தட்டுப்பாடு இல்லை என்றது அதிகாரத் தரப்பு. நோயாளிகள் காலி டப்பாவைக் காட்டினார்கள். 42 நாள் உட்கார்ந்திருந்தார்கள். கிடங்குக் கணக்கில் இருப்புக் காட்டும் மாத்திரை கவுன்ட்டரில் இல்லை என்பது அதை வாங்கப் போகிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

இதெல்லாம் டெல்லி, சென்னை, நாமக்கல். ஆவுடையார்கோவிலில் எப்படி?

இங்கேதான் எனக்குக் கை தயங்குகிறது. பெருநகரத்தில் ஒருவர் கூட்டத்தில் எழுந்து ‘நான் தொற்றோடு வாழ்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வேறு பேட்டையில் இருக்கும் வீட்டுக்குப் போகலாம். நம் ஊரில் கிராம சபையில் எழுந்து நின்றால் அவர் யார் மகள், யார் மருமகள், புருஷன் எந்த வருஷம் இறந்தான், எதனால் என்று அத்தனையும் சேர்ந்தே எழுந்து நிற்கும். கடலோரத்தில் வளைகுடா விசாவுக்கு மெடிக்கல் போய், ‘அன்ஃபிட்’ என்று திரும்பி வந்த பையனைப் பற்றி டீக்கடையில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை என்று திரும்பியிருந்தாலும் அதே பேச்சுத்தான். ‘மக்கள் பங்கேற்பு’ என்று திட்ட அறிக்கைகளில் அழகாக எழுதுகிறார்கள். பங்கேற்பதே காட்டிக்கொடுப்பதாக ஆகும் ஊரில் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வர முடியாது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதம் இல்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிறது. வேலை, பள்ளி, வாடகை வீடு, சிகிச்சை எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். சட்டம் டீக்கடைக்கு வராது.

இன்னொரு சிக்கல் எண்ணிக்கை. களத்திட்டங்களின் செலவுக் கணக்கு தலையை எண்ணிப் போடுவது. பாலியல் தொழிலாளர்களுக்கான திட்டம் என்றால் அறுபது பேருக்கு ஒரு சக தோழர் என்ற விகிதம். ஒரு நகரத்தில் சில நூறு பேர் ஒரே இடத்தில் இருந்தால் திட்டம் வரும், அலுவலகம் வரும், ஆலோசகர் வருவார். மீமிசல், திருப்புனவாசல், ஏம்பல் என்று ஊருக்கு இரண்டு பேராகச் சிதறிக் கிடப்பவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தொற்று குறையக் குறைய இது இன்னும் மோசமாகும். மிஞ்சியிருப்பவர்கள் இன்னும் தூரம் தூரமாக இருப்பார்கள். வெற்றி பெற்ற திட்டத்தின் கடைசி நோயாளிக்குத்தான் செலவு அதிகம். நிதித்துறையில் யாருக்கும் இதைச் சொன்னால் பிடிக்காது.

அப்படியானால் ஊர் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஆளை முன்னால் நிறுத்தாமல் தேவையை முன்னால் நிறுத்தலாம். கடிதம் எழுதியவரின் தேவை எதற்குமே எச்.ஐ.வி. என்று பெயர் போட வேண்டியதில்லை. பஸ், நாள், தூரம். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்குப் போகிறவருக்கும், காசநோய்க்காரருக்கும், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளப் போகிறவருக்கும் இதே தேவைதான். ‘மாதாமாதம் மருந்துக்கு வெளியூர் போகிறவர்கள்’ என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் யார் எதற்குப் போகிறார் என்று எவரும் கேட்க முடியாது. குடை பெரிதாக இருந்தால் அடியில் நிற்பவர் முகம் தெரியாது.

இது கற்பனை இல்லை. கேரளம் 1996-இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. எதற்குச் செலவிடுவது என்று வார்டு வார்டாகக் கூடிப் பேசினார்கள். மலப்புறம் பக்கத்தில் ஊர்க்காரர்களே காசு போட்டுத் தொடங்கிய வலிநிவாரணக் குழுக்கள் பெருகி, 2008-இல் அது மாநிலக் கொள்கையாகவே ஆனது. இன்றைக்கு அங்கே படுக்கையில் கிடக்கும் நோயாளி வீட்டுக்குச் செவிலியர் போகும் செலவு ஊராட்சிக் கணக்கில் வருகிறது. என்ன நோய் என்று வாசல் பலகையில் எழுதி வைப்பதில்லை.

நம் ஊராட்சிகளுக்குக் காசு ஏது என்று கேட்பீர்கள். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் ஒதுக்கியது. துணைச் சுகாதார நிலையத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பரிசோதனை வசதி, கட்டடம் என்று கட்டம் போட்டு வந்த பணம்; மந்திரி குதிரைப் பணத்தில் செய்ததைச் செய்ய வழியில்லை. ஆனால் கட்டத்துக்குள்ளேயே கேட்க இடம் உண்டு. ஆலோசகர் பேசும் அறைக்குக் கதவு வேண்டும், அந்தக் கதவு ஊசி போடும் வரிசைக்கு எதிரே திறக்கக் கூடாது என்று கேட்பதற்குத் தனித் திட்டம் எதற்கு?

பணம் நேரே கைக்குப் போன நல்ல உதாரணங்களும் நம்மிடம் உண்டு. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று 2009-இல் தமிழ்நாடு அரசு ஓர் அறக்கட்டளை அமைத்தது. வைப்புத் தொகையின் வட்டியிலிருந்து குழந்தைகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் உதவி போகிறது. வட்டியை மட்டும் தொடுவது என்ற அந்த ஏற்பாடு நம் பாட்டிகளுக்குத் தெரிந்த புத்திதான். ஆட்சி மாறினாலும் நிற்கிறது. காசநோய்க்காரருக்கு மத்திய அரசு சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களுக்கு அப்படி நாடு தழுவிய உணவுப் பணம் இல்லை. மாத்திரை வெறும் வயிற்றில் என்ன செய்யும் என்று சாப்பிட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தூரத்துக்கும் வழி இருக்கிறது. 2020 ஊரடங்கில் பஸ்ஸே இல்லாதபோது, உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுத்தார்கள்.  பக்கத்து ஊர் மருத்துவமனையிலேயே மருந்து வாங்கிக்கொள்ளும் இணைப்பு மையம் என்ற ஏற்பாடும் திட்டத்தில் இருக்கிறது. இருக்கும் ஏற்பாட்டை நம் தாலுகாவுக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியும், எத்தனை மாத மருந்தைச் சேர்த்துத் தர முடியும் என்பதுதான் கேட்க வேண்டியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலர் உள்ளூரில் வாங்க விரும்ப மாட்டார்கள். தெரிந்த முகம் வேண்டாம் என்றே தூரப் போவார்கள். கிட்டே கொண்டுவந்துவிட்டோம் என்று தூரத்துக் கதவை மூடிவிடக் கூடாது. எது வேண்டும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். நம் ஊரில் எழுந்து நின்று சொல்ல முடியாததை மாவட்ட அளவில் உள்ள தொற்றுள்ளோர் கூட்டமைப்பு வழியாகச் சொல்லலாம். எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடமும் சொல்லி வைக்கலாம். 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண் எப்போதும் இருக்கிறது.

வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாவிட்டால் என்ன, தீர்மானப் புத்தகம் இருக்கிறது. புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கூடிப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1991-இல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் நடந்தபோது, பெண்கள் படிக்கக் கற்றதோடு சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். சைக்கிள் வேண்டும் என்பது டெல்லியிலிருந்து வந்த பாடத்திட்டத்தில் இல்லை. இங்கே இருந்தவர்கள் சேர்த்துக்கொண்டது. அன்று சைக்கிள் பழகிய பெண்கள் இன்று பாட்டிகள். அவர்களில் பலர் இந்த இதழின் சந்தாதாரர்கள். தாயே, அடுத்த கிராம சபையில் இந்தத் தீர்மானத்தை முன்மொழிய உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. உங்களைப் பார்த்து ‘உனக்கு ஏன் இந்த அக்கறை’ என்று கேட்கும் துணிச்சல் இந்த ஊரில் எவனுக்கும் கிடையாது.

எங்கள் பங்குக்கு ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறோம். நம் தாலுகாவிலிருந்து மாதந்தோறும் எந்த மருந்துக்காகவும் வெளியூர் போகிறவர்கள் மூன்று விஷயம் மட்டும் எழுதி அனுப்புங்கள்: எந்தத் திசையிலிருந்து கிளம்புகிறீர்கள், பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகிறது, எந்தக் கிழமை உங்களுக்குத் தோது. நோயின் பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். வந்ததைத் தொகுத்து ஒரு மனுவாக்கி, ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்கி, அந்த எண்ணை இதே பக்கத்தில் அச்சிடுகிறோம். உறையில் ஐந்து ரூபாய் தபால் தலை ஒட்டுங்கள். ஒட்ட மறந்துவிட்டாலும் பரவாயில்லை, தபால்காரர் கேட்கும் அபராதத்தை நாங்கள் கட்டிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்